பொன்னாடையும் கவிதையும்

இப்பிடி இரு தம்பி. கவிதைத் தொகுதி அடிக்கப் போறியாம். அச்சகத்துக்கு முற்காசு குடுத்தாச்சோ? குடுத்திட்டாய் எண்டா இனி என்ர புத்தி ஏறாது. எண்டாலும் சொல்லுறன்.

முதல்ல வெளியீட்டு விழா. தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை. இவ்வளவும் முடியக் கவிதைக்கு நேரம் கிடையாது. முதற் பிரதி ஒரு முதலாளிக்கு. என்வலப்பைத் தருவார், புத்தகத்தை வாங்குவார், படத்துக்குச் சிரிப்பார். அதைத் திறந்து பாத்த முதலாளியை நீ கண்டிருக்கிறியே? நான் காணேல்ல. பிறகு பொன்னாடை. திருகோணமலை வெயிலுக்கு அது தேவையோடா? மிஞ்சின கட்டெல்லாம் கொம்மாவின்ர கட்டிலுக்குக் கீழ போகும்.

"விருது வரும் அப்பு" எண்டுறாய். எந்த விருது, சொல்லு பாப்பம்.

கனடாவில கிறிஃபின் பரிசு எண்டு ஒண்டு. 130,000 கனேடிய டொலர்! 2024 இல மெக்சிக்கோக் கவிஞர் ஒமேரோ அரிஜிசின்ர புத்தகத்துக்குப் போச்சுது. இங்கிலீசில மொழிபெயர்த்தவர் ஜோர்ஜ் மக்வேர்ட்டர். அங்கத்தைச் சட்டம் தெரியுமோ? மொழிபெயர்ப்பு எண்டா நூற்றுக்கு அறுபது பெயர்த்தவருக்கு, நாப்பதுதான் எழுதினவருக்கு. முட்டை இட்ட கோழிக்கு நாப்பது, பொரிச்சவனுக்கு அறுபது!

லண்டனில எலியற் பரிசு, 25,000 பவுண். ஜமேக்காக்காரர் ஜேசன் அலன்-பைசான்ற் 2023 க்கான பரிசை எடுத்தார். அதே புத்தகம் அந்த வருசம் ஃபோர்வர்ட் பரிசையும் அள்ளினது. கெட்டிக்காரன், எனக்குப் பொறாமை இல்லை. 2024 நோபல் தென்கொரியாவின்ர ஹான் காங்குக்கு. அவவும் கவிதையிலதான் தொடங்கினவ. பிறகு நாவலுக்கு மாறிட்டா. யோசிச்சுப் பார்!

எங்கட நாட்டில கிரேஷன் விருது இருக்கு. மைக்கேல் ஒண்டாச்சி தனக்குக் கிடைச்ச புக்கர் காசில, தாய்வழிக் குடும்பத்தின்ர பேரில 1992 இல தொடக்கினது. இங்கிலீசு எழுத்துக்குத்தான். நீ தப்பிச்சாய்.

மிச்சம் வாட்சப்பில வாற விருது. பதிவுக் கட்டணம் கட்டு, விடிய "கவிச்சக்கரவர்த்தி" எண்டு பிடிஎஃப் வரும். கம்பருக்குக் குடுத்த பட்டம் ஒரே நாளில உனக்கும் இன்னும் பத்துப் பேருக்கும்! கம்பர் கட்டணம் கட்டினவரோ?

எங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன்ர கதை கேள். தருமு சிவராமு. 1939 இல இங்க பிறந்தவர். இருபது வயசில இங்க இருந்தே, சென்னையில சி. சு. செல்லப்பா நடத்தின 'எழுத்து'க்குத் தபாலில அனுப்பினார். முகமும் இல்லை, மேடையும் இல்லை. முத்திரைக் காசு மட்டும். 1962 இல செல்லப்பா 'புதுக்குரல்கள்' எண்டு 24 கவிஞரின்ர 63 கவிதையைத் தொகுத்தார். எங்கட ஆளும் அதில. ஆனா சொந்தத் தொகுதி 'கண்ணாடியுள்ளிருந்து' வந்தது 1972 இலதான். நீ போன மாசம் எழுதினதை இந்த மாசம் அச்சில பாக்க நிக்கிறாய்.

அவருக்கும் ஒரு விசர் இருந்தது. எண்கணிதம் பாத்துப் பாத்துப் பேரை மாத்துவார். கடைசியில பிரமிள் எண்டு நிலைச்சுது. விளக்கு அமைப்பின்ர புதுமைப்பித்தன் விருது சாகப்போற காலத்திலதான் கிடைச்சது. 1997 இல வேலூர்ப் பக்கம் கரடிக்குடியில போய்ச் சேந்தார்.

அவரைப் பதிப்பிச்ச செல்லப்பாவின்ர கதை அதைவிட மோசம். சாகித்திய அகாதமி 2001 இல விருது குடுத்துது. மனிசன் 1998 இலயே கண்ணை மூடிட்டார். ஆருக்கடா பொன்னாடை போத்துறது?

சம்பந்தர் இராமேசுவரத்தில நிண்டுகொண்டே கோணமலைக்குப் பதிகம் பாடினதாச் சொல்லுவினம். அந்த மலையில இண்டைக்கும் அதைப் பாடுகினம். எந்த நடுவர் குழு தெரிஞ்செடுத்தது?

சரி, அடிச்சே தீருவன் எண்டா அடி. ஆனா முந்நூறு வேண்டாம், நூறு போதும். எனக்கு ஒண்டு கொண்டா. இனாமா வேண்டாம், காசு தருவன். என்ர கண் மங்கல், நீயே வாசிச்சுக் காட்டு. நான் நித்திரை கொண்டா, அடுத்த தொகுதிக்கு முற்காசு குடுக்காத.