பாலைவனம் போக மானியம் வேண்டுமா?

சர்க்கார் செலவில் பாலைவனம் போக ஆசைப்படும் கனவான்கள், 1860-இல் மெல்போர்ன் நகரம் ஆஸ்திரேலிய உள்நாட்டுக்குப் பயணக்குழு அனுப்பிய கதையைத் தெரிந்துகொண்டு விண்ணப்பம் எழுதுவது உத்தமம். வெறுங்கையோடு கஜானா வாசலில் நிற்காதீர்கள். பெயர் சொல்ல விரும்பாத வள்ளல் ஒருவர் 1,000 பவுன் தருவார், ஊரார் 2,000 திரட்டினால் மட்டுமே தருவார் என்று பேச்சைக் கிளப்புங்கள். உண்டியல் நிறைந்தால் அரசுக்கும் ரோஷம் வரும். விக்டோரியா காலனி அரசு 6,000 பவுன் கொடுத்தது. ஒட்டகம் வாங்க 3,000 தனி.

நோக்கம் என்ற இடத்தில் 'அறிவியல்' என்று போடவும். மேய்ச்சல் நிலம், தந்திக் கம்பி, 2,000 பவுன் பரிசு அறிவித்த தெற்கு ஆஸ்திரேலியா முந்திக்கொள்ளுமோ என்ற வயிற்றெரிச்சல், இவையெல்லாம் பயணத்தை ஏற்பாடு செய்த ராயல் சொசைட்டி கமிட்டியின் அறைக்குள் இருக்கட்டும். தேடப்போகும் உள்நாட்டில் விக்டோரியாவுக்கு ஓர் அடி நிலம்கூடக் கிடையாது. அதனால் என்ன? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

தலைவர் பாலைவனத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ராபர்ட் ஓ'ஹாரா பர்க் ஒரு போலீஸ் சூப்பரின்டென்டென்ட். நாடாய்ந்த அனுபவம் பூஜ்யம், சம்பளம் 500 பவுன். இந்தியாவுக்குப் போய் ஒட்டகம் வாங்கி வந்த லேண்டல்ஸ் அவருக்குக் கீழே வேலை பார்த்தார், சம்பளம் 600!

சாமான் பட்டியலில் கஞ்சத்தனம் கூடாது. தேவதாரு மேல்பலகை போட்ட ஓக் மரமேசை, நாற்காலிகள், சீனத்துச் சேகண்டி, வாணங்கள். ஒட்டகங்களின் தேக ஆரோக்கியத்துக்காக 60 காலன் ரம். (அதைப் பிற்பாடு செம்மறி மயிர் கத்தரிப்பவர்கள் மோப்பம் பிடித்துக் குடித்தது வேறு கதை.) மொத்தம் 20 டன். ஆகஸ்ட் 20 அன்று ராயல் பூங்காவில் சுமார் 15,000 பேர் கைதட்டி வழியனுப்ப, ஒரு வண்டி பூங்காவைத் தாண்டுமுன்னே உடைந்தது. இத்தனை மூட்டைக்குள் சம்லா என்ற இந்து ஒட்டகக்காரர் தின்ன ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் மாட்டிறைச்சி. ரொட்டியும் தண்ணீருமாகச் சில நாள் ஓட்டிவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டியலில் இல்லாதது இன்னொன்றும் உண்டு. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களிடம் 'வரலாமா' என்று கேட்பது. அதற்குப் பத்துக் காசுகூடச் செலவில்லை. ஒருவேளை அதனால்தான் கமிட்டிக்குத் தோன்றவில்லை போலும்.

பர்க் வடகரைவரை போனார். அலையாத்திக் காடு மறித்ததால் கடலைக் கண்ணால் பார்க்காமலே திரும்பினார். 1861 ஏப்ரல் 21 மாலை வழியில் ஆட்களை விட்டுப்போன கூப்பர் ஓடைக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே காத்திருந்த அந்தக் கூட்டம் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தது. அந்த ஓடைக்கரையில் யந்துருவந்தா மக்கள் காலங்காலமாகப் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்து வந்தார்கள். நாகரிகத்தின் தூதர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது அங்கேதான்.

யந்துருவந்தாக்கள் மீன் கொண்டுவந்தார்கள். பர்க் மீன்வலையைத் தட்டிவிட்டார், தலைக்கு மேலே சுட்டார். பர்க்கும் கூட வந்தவர்களும் நார்டூ என்ற பெரணியின் வித்துக்கூடுகளை அரைத்துத் தின்னக் கற்றார்கள். அதை எப்படிப் பக்குவப்படுத்தினால் உடம்பில் ஒட்டும் என்று கேட்டுக் கற்கவில்லை. வயிறு நிறைய நிறைய உடம்பு தேய்ந்தது. உடன்போன வில்ஸ் செத்தார், பர்க் செத்தார். மொத்தப் பயணத்தில் ஏழு உயிர் போயிற்று. பர்க்கோடு வடகரைப் பக்கம் போனவர்களில் தப்பியவர் ஜான் கிங் ஒருவரே. எஜமானின் துப்பாக்கிக்கு இலக்கான அதே மக்களிடம் போய் நின்றார், அவர்கள் சோறு போட்டார்கள், செப்டம்பரில் தேடி வந்தவர்கள் கண்டுபிடிக்கும்வரை காப்பாற்றினார்கள்.

இனிதான் அரசின் தாராளத்தைப் பார்க்க வேண்டும். தேடுதல் பயணங்களையும் சேர்த்துச் செலவு ஏறக்குறைய 60,000 பவுன் ஆயிற்று. உயிரோடு இருக்கையில் கணக்குப் பார்த்த கஜானா, எலும்புகளுக்கு வாரி இறைத்தது. 1863 ஜனவரியில் ஊரே திரண்ட சவ ஊர்வலம், 1865-இல் வெண்கலச் சிலை. அதுவும் சோறு போட்ட கைகள் இன்னும் இருந்த காலத்தில்!

அந்தக் கைகளை மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் பாவம். யந்துருவந்தாக்களின் கழுத்தில் தொங்கவிட மூன்று பித்தளைத் தகடுகள் செய்து அனுப்பினார்கள். பின்னாலேயே ஆடுமாடுகளோடு பண்ணைக்காரர்கள் வந்து ஓடையை எடுத்துக்கொண்டார்கள். எனவே விண்ணப்பத்தில் பித்தளைக்கும் ஒரு தொகை போட்டுவையுங்கள். ரம்முக்கு ஆகும் செலவில் காலணாகூட ஆகாது.