மயிலைக் குதிரை

லெக்சிங்டன் வந்ததிலிருந்து என் மகளுக்குக் குதிரைப் பித்து. கென்டக்கியில் பித்துப் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். நிஜக் குதிரை வாங்க வக்கில்லாத தகப்பன், பிரையர் பொம்மைக் குதிரை வாங்கிக் கொடுத்தேன். நிஜத்தில் ஒன்பதில் ஒரு பங்கு உயரம். அந்த வம்சத்தின் முதல் குதிரை 1950-ல் ஒரு கடிகாரத்துக்கு அலங்காரமாகப் பிறந்ததாம். இப்போது வருஷா வருஷம் ஜூலையில் எங்கள் ஊர்க் குதிரைப் பூங்காவில் அதற்குத் திருவிழாவே நடக்கிறது.

பொம்மையை உப்புத்தாளால் தேய்த்து, நிஜக் குதிரை மாதிரியே மறுபடி வண்ணம் பூசுகிற கூட்டம் ஒன்று உண்டு. “நீயும் பூசுப்பா” என்றாள் மகள். ஊரில் பொங்கலுக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தவன் நான். குதிரை எம்மாத்திரம்?

முதல் குதிரைக்குச் செவலை உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால். மகள் காலைத்தான் பார்த்தாள்.

“பிடரி கறுப்புன்னா இது பே. பேக்குக் காலும் கறுப்பா இருக்கணும்.”

“யாருக்குப் பேய்?” என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள் மனைவி.

அசல் செவலையின் முடியில் கறுப்பு நிறமே ஊறாதாம். இல்லாத ஜாதிக் குதிரை ஒன்றை உண்டாக்கியிருந்தேன்.

அடுத்து, சாம்பல் குதிரை. உடம்பெல்லாம் வட்டம் வட்டமாகப் பூத்திருக்குமே, அது. வெள்ளையில் கறுப்புப் புள்ளி வைத்தேன்; அம்மை போட்டது. நடுவில்தான் வெளுப்பு, சுற்றிலும்தான் இருட்டு என்று பிறகு தெரிந்தது. பாஸ்டல் கட்டியைச் சுரண்டித் தூளாக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, மேலே சீலர் அடித்து, காய்ந்ததும் மறுபடி தூள். இப்படிப் பன்னிரண்டு தடவை. முடிவில் வட்டங்கள் ஒரே அளவில் வரிசையாக நின்றன. இட்லித் தட்டு! நான் கணிப்பொறிக்காரன். சீராகச் செய்யச் சொன்னால் செய்துவிடுவேன். சீரில்லாமல் செய்வதற்கு மூன்று வாரம் பிடித்தது. மூக்குக்கு ரோஸ் அடித்ததற்குத் தனியாக வசவு. சாம்பல் குதிரைக்கு முடிதான் வெளுக்கும், அடியில் தோல் கறுப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்துக்கு வீடியோ போன். இந்தக் குதிரைகள் கறுப்பாகவோ செவப்பாகவோ பிறந்து, வயதாக ஆக வெளுக்கும் என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

“இதென்ன கண்ணு அதிசயம்? நம்ம கன்னுக்குட்டி செவப்பாப் பொறந்து ஆறு மாசத்துல மயிலையாகறதில்லியா? மயிலைக் குதிரைன்னு சொல்லு.”

நான்கு புத்தகம் படித்துப் புரிந்துகொண்டதை அவர் தொழுவத்திலேயே முடித்திருந்தார். போனைக் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பல்லைக் காட்டச் சொன்னார். வாய் திறக்காத பொம்மைங்கப்பா என்றேன். திருப்பச் சொன்னார். நெற்றி, கழுத்து, விலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எல்லாஞ் செரி. சுழி எங்கீடா?”

சுழி! குதிரைக்கு நெற்றியில் முடி சுழித்திருக்கும். வண்ணம் பூசுகிற அந்தக் கூட்டத்தாரின் குதிரைகளை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை.

எந்த இடத்தில் போடலாம், எங்கே போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று முக்கால் மணி நேரம் சொன்னார். மகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் ஆக மெல்லிய பிரஷ்ஷைத் தேடப் போனேன்.