அடுக்களையில் டிவி: கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

அடுப்புக்குத் தென்கிழக்கு, பூஜைக்கு வடகிழக்கு என்று வீட்டின் மூலைகளையெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்த வாஸ்து சாஸ்திரம், டிவிக்கென்று ஒரு மூலையை ஒதுக்காமல் விட்டுவிட்டது. பிற்கால அறிஞர்களும் அந்தக் குறையை நிரப்பவில்லை. டிவியின் இடம் கூடம்தான் என்றும், அதை அடுக்களைக்குள் கொண்டுபோவது சோம்பலின் அடையாளம் அல்லது பணத்திமிர் என்றும் ஒரு கருத்து ஆராயப்படாமலே நிலைத்துவிட்டது. அது பிழை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். குறைந்தபட்சம் கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை வட்டாரத்து லைன் வீடுகளில், டிவியை அடுக்களைக்குள் அனுப்புவது குடும்பத் தலைவியின் ஆசை அல்ல, ஆலையின் ஷிஃப்ட் அட்டவணை.

எந்தத் திணையையும் நிலம், பொழுது என்னும் முதற்பொருளிலிருந்து தொடங்குவது தொல்காப்பியர் வழி. நிலம் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை. அதைச் சுற்றி வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டப்பட்ட லைன் வீடுகள். ஒவ்வொன்றும் ஓர் அறை, ஓர் அடுக்களை. பொழுதுதான் சிக்கலானது. தொல்காப்பியர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தார். ஆலைகள் அவற்றை ஏ, பி, சி என்று மூன்றாகச் சுருக்கிவிட்டன: காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் மறுநாள் ஆறு. இரும்பு உருக்கும் உலையை ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் மறுபடி சூடேற்றினால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது. ஆகவே உலை தூங்குவதில்லை. அதற்குக் காவல் நிற்பவர் பகலில் தூங்கியாக வேண்டும். அவர் தூங்குவது வீட்டிலுள்ள ஒரே அறையில். டிவி இருப்பதும் அதே அறையில். ஒருவர் தூக்கமும் இன்னொருவர் மதியத் தொடரும் பத்துக்குப் பத்து அறைக்குள் சேர்ந்திருக்க முடியாது. இரண்டில் ஒன்று இடம் பெயர வேண்டும். சி ஷிஃப்ட் முடித்து வந்தவரை அடுக்களையில் படுக்க வைக்க முடியாது என்பதால், பெயர வேண்டியது டிவி.

வரலாற்றுச் சான்றும் இதற்கு உண்டு. தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன; எல்லாம் 14 அங்குலம். அந்தத் திரைக்குப் பின்னால் ஓர் அடிக்கு மேல் முதுகு இருந்ததால், பெட்டி அடுக்களை அலமாரிக்குள் நுழைய மறுத்துக் கூடத்திலேயே குடியேறியது. சரியாக ஐந்தாண்டு கழித்து, 2011 செப்டம்பர் 15 அன்று, கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆக, முன்னே வந்த அரசு கண்ணுக்கும் பின்னே வந்த அரசு கைக்கும் கொடுத்தன. இரண்டுக்கும் இடையே தகராறு வந்ததை அரசாணைகள் பதிவு செய்யவில்லை. மிக்சி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பறக்கும் தீப்பொறி ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். பழைய பெட்டியில் அது வெள்ளைப் புள்ளிகளாகக் கொட்டும். பக்கத்து வீட்டில் சட்னி அரைத்தால் இங்கே கதாநாயகி முகத்தில் அம்மை போட்ட காலம் அது. கேபிள் டிஜிட்டலாகி, செட்டாப் பாக்ஸ் வந்து, டிவி தட்டையான பிறகுதான் மிக்சியும் டிவியும் ஓரறையில் வாழும் சூழல் கனிந்தது.

இனி அளவைக்கு வருவோம். சாப்பிடும் இடம் தனியாக இருந்தால் அடுக்களை 5 சதுர மீட்டருக்கும், அகலம் 1.8 மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கிட்டத்தட்ட ஆறடிக்கு ஒன்பதடி. லைன் வீட்டில் இந்த அளவு கிடைத்தாலே பாக்கியம். ஆறடி அகலத்தில் சமையல் மேடைக்கு இரண்டடி போக, நிற்கவும் திரும்பவும் நான்கடி மிச்சம். சமைப்பவருக்கு நேர் எதிரே, அடுப்புக்கு மேல் டிவியை மாட்டினால் தாளிப்பின் கடுகு திரையில் வெடிக்கும். முதுகுப்புறச் சுவரில் மாட்டினால் பார்ப்பதற்காகக் குழம்புக்கு முதுகு காட்ட வேண்டும். குழம்பு அதை மன்னிப்பதில்லை. பரணில் வைத்தால் அடுப்பின் சூடும் ஆவியும் போய்ச் சேருமிடம் அதுதான். எஞ்சியிருப்பது மேடை முடிகிற பக்கச் சுவர், அதாவது வழக்கமாக ஃபிரிட்ஜ் நிற்கும் இடம். இங்கேதான் எண்கள் வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகின்றன. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உயரம் சுமார் 120 செ.மீ., அகலம் 53 செ.மீ. 24 அங்குல டிவியின் அகலம் சுமார் 55 செ.மீ. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ.; கண் இருப்பது அதற்குப் பத்துப் பதினோரு செ.மீ. கீழே. ஃபிரிட்ஜுக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு டிவியை மாட்டினால் திரையின் நடுப்புள்ளி 140 செ.மீ. பக்கம் வந்து நிற்கும். ஃபிரிட்ஜ் செய்தவரும் டிவி செய்தவரும் ஒருவரையொருவர் கலந்து பேசாமலே அடைந்த ஒருமைப்பாடு இது. 32 அங்குலம் வாங்கினால் இருபுறமும் துருத்திக்கொண்டு அந்த ஒருமைப்பாடு குலையும். டிவியை ஃபிரிட்ஜின் தலையிலேயே வைத்துவிடலாமே என்றால், பாலெடுக்கக் கதவை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கதாநாயகனின் குடும்பம் மொத்தமும் ஆடும். ஆகவே ஃபிரிட்ஜுக்கு மேல், ஃபிரிட்ஜைத் தொடாமல், சுவரில் பிராக்கெட் என்பதே முடிவு.

இதற்கு நான்கு மறுப்புகள் எழலாம். கவனம் சிதறிச் சமையல் கருகும் என்பது முதலாவது. விளம்பரங்கள் ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. அப்படியானால் அரைமணித் தொடருக்கு ஆறு நிமிடம். ஒரு தாளிப்புக்கும், ரசம் நுரை கட்டி வருவதைப் பார்த்து இறக்குவதற்கும் இது தாராளம். மீதி நேரம் காதே போதும். காதே போதுமென்றால் ரேடியோ வைத்துக்கொள்ளலாமே என்பது இரண்டாம் மறுப்பு. வலுவானதுதான்; ஆனால் தொடர்களின் இலக்கணம் அறியாதவர் சொல்வது. நம் தொடர்களில் வசனம் நின்று இசை மட்டும் ஓங்கும் இடத்தில்தான் கதை நகர்கிறது. அறைந்தது யார், அறை வாங்கியது யார் என்பதை இசை சொல்லாது. காது அழைக்கும், கண் ஓடிப்போய் ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பும். அந்த ஒரு நொடிக்காகத்தான் திரை. செல்போன் இருக்கிறதே என்பது மூன்றாவது. கை முழுக்கச் சப்பாத்தி மாவு ஒட்டியிருக்கையில் செல்போனை ஒரு தடவை தொட்டவர்கள் இம்மறுப்பை மறுமுறை சொல்ல மாட்டார்கள். பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்தால் நாத்தனார் கூப்பிடுவார், படம் நின்றுவிடும்.

நான்காவது மறுப்பே எல்லாவற்றிலும் கனமானது: அடுக்களையிலிருந்து வரும் டிவி சத்தம் தூங்குபவரை எழுப்பாதா? ஆலைக்குள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை சத்தத்தை விதிகள் அனுமதிக்கின்றன. அதிலிருந்து வந்து படுத்தவர் குக்கர் விசிலுக்கும் மிக்சிக்கும் புரண்டுகூடப் படுப்பதில்லை. அவை அடுக்களையின் இயல்பான ஒலிகள் என்று அவர் தூக்கம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. அவரை எழுப்புவது தலைமாட்டில் கேட்கும் பேச்சும், மூடிய இமைமேல் மாறி மாறி அடிக்கும் திரை வெளிச்சமுமே. டிவி அடுக்களைக்குப் போனால் வெளிச்சம் சுவரோடு நின்றுவிடும். பேச்சு விசிலுக்குக் கீழே அடங்கிவிடும். குக்கரைவிடக் குறைவாக டிவியை வைத்துக்கொள்வது என்பதே இதில் பின்பற்ற வேண்டிய ஒரே சட்டம்.

அறிவியல் இவ்வளவு சாதகமாக இருந்தும் நடைமுறையில் இது தடைபடுவது ஓர் ஆணியில்தான். சுவரில் துளை போடக் கூடாது என்பது வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லும் முதல் நிபந்தனை. அடுக்களையில் இருக்கும் பிளக் பாயிண்டுகளோ ஃபிரிட்ஜுக்கும் மிக்சிக்குமே சரியாகப் போய்விடும். டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தால் ஒயர் பாத்திரம் கழுவும் தொட்டியைத் தாண்டித்தான் வரும், அது ஆபத்து. ஆகவே இந்த ஆய்வின் பரிந்துரை குடியிருப்பவர்களுக்கு அல்ல, சிப்காட் சுற்றுவட்டாரத்தில் புதிதாக லைன் வீடு கட்டும் உரிமையாளர்களுக்கு. உங்கள் வாடகை வருவது ஷிஃப்ட் சம்பளத்திலிருந்து. பூச்சு வேலை நடக்கும்போதே, ஃபிரிட்ஜ் நிற்கும் இடத்துக்கு மேல், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இரண்டு பிளக் பாயிண்டும் ஒரு பிராக்கெட்டும் வைத்துவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய். வேண்டுமானால் அதையும் வாடகையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.