வாசலில் நிற்கும் நாலு வோல்ட்

பழைய இரும்புக் கடையில் ஒரு டிரெட்மில் கிடந்தது. சிரம்பானில் யாரோ தொப்பை கரைக்க வாங்கி, துணி காயப்போட்டு, கடைசியில் எறிந்திருப்பார். அதன் வயிற்றிலிருந்த மோட்டாரைக் கழற்றி மம்பாவிலுள்ள எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். உள்ளே நிரந்தரக் காந்தம். கரண்டு கொடுத்தால் சுற்றும். நாம் சுற்றிவிட்டால் கரண்டு கொடுக்கும். வாங்க மட்டுமே தெரிந்த நம் பெரிய மனிதர்களைவிட நாணயமான சரக்கு.

காற்றாடிக்கு, பிவிசி குழாயை நீளவாக்கில் வகுந்து மூன்று இறக்கை. வாலுக்குத் தகரம். கீழே பழைய கார் பேட்டரி. இடையில் ஒரு டையோடு.

டையோடு என்பது ஒருவழிக் கதவு. மோட்டாரிலிருந்து பேட்டரிக்குக் கரண்டைப் போகவிடும், திரும்ப விடாது. அதை மாட்டாவிட்டால், காற்று நின்றதும் பேட்டரியே இறக்கையைச் சுழற்றத் தொடங்கும். சேர்த்ததெல்லாம் ஊருக்கு விசிறியே தீர்ந்துபோகும். தோட்டத்து சனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891இல் இரயில் ஓடத் தொடங்கியது. ஈயம் போனது. பிறகு ரப்பர் போனது. கதவு அந்தப் பக்கம்தான் திறந்தது. உலகின் முதல் டையோடை எங்கள் தோட்டத்தில்தான் மாட்டினார்கள் என்பது என் கட்சி.

மின்சாரத்தின் கதையும் அதுதான். துரை பங்களாவில் விளக்கு எரிந்தது. லயத்தில் மண்ணெண்ணெய். கொஞ்சம் மனசு வைத்த தோட்டங்களில் ஜெனரேட்டர், அதுவும் பொழுது சாய்ந்து சில மணி நேரம். போர்ட்டிக்சனில் துவாங்கு ஜாஃபார் மின் நிலையம் 1970களிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கம்பிக்கு லயத்துக்கு வர மட்டும் வழி தெரியவில்லை. கேட்டால், தோட்டம் தனியார் நிலமாம்! கிராம மேம்பாட்டுப் பணம் வேலியோடு நின்றுகொண்டது. ஓட்டு கேட்டு வந்தவர்களை மட்டும் அந்த வேலி ஒருநாளும் தடுக்கவில்லை. சுதந்திரம் 1957இல். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் முதலாளி தரவேண்டும் என்று 446ஆம் சட்டம் எழுதியது 1990இல். நடுவில் முப்பத்து மூன்று வருடம். அத்தனை பிள்ளைகள் சிம்னி விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்களே, அதற்கு எந்தச் சட்டத்தில் இடம்?

இப்போது பாருங்கள், காற்றாடியைக் கம்பத்தில் ஏற்றினால் போதும். தொகுதியின் ஒய்.பி., அதாவது மாண்புமிகு, வருவார். பதாகை வரும். வாசற்கதவு அளவுக்கு மாதிரிக் காசோலை வரும். “புத்தாக்கம்” என்பார்கள். மலாவி நாட்டு வில்லியம் கம்குவம்பா சைக்கிள் டைனமோவில் காற்றாலை கட்டிய கதையைச் சொல்வார்கள். பஞ்ச காலத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்ட பையன் அவன் என்ற பகுதியை மட்டும் விழுங்கிவிடுவார்கள். கம்பி கொடுக்காதவன் கோப்பை கொடுக்க வருவதற்குப் பெயர் புத்தாக்கமா?

சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. மம்பாவில் காற்றே இல்லை. நம் நாட்டின் உட்பகுதியில் பெரும்பாலும் நொடிக்கு இரண்டு மீட்டர்தான் அடிக்கும். வேகம் பாதியானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். என் மோட்டார் 180 வோல்ட்டில் 4000 சுற்றுச் சுற்றுவது. அப்படியென்றால் 12 வோல்ட் பேட்டரிக்குள் கரண்டு நுழைய நிமிடத்துக்கு 280 சுற்றாவது வேண்டும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள இறக்கை இந்தக் காற்றில் நூறைத் தொடுவதே பாடு. கிடைப்பது நாலு வோல்ட். அது கிராணி ஆபீஸ் வாசலில் நிற்கும் கூலியைப் போலத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும். உள்ளே விடமாட்டார்கள்.

என்னையாவது பைத்தியக்காரன் என்று விட்டுவிடலாம். பெர்ஹெந்தியான் தீவில் 2007இல் 100 கிலோவாட் காற்றாலை இரண்டை நிறுத்தினார்களே, அவை முடங்கிப்போக, டீசலே துணையானது. 2011இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் வந்தபோது சூரிய ஒளிக்கு விலை வைத்தார்கள், உயிரி வாயுவுக்கும் வைத்தார்கள். காற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆக, இங்கே காற்று தேறாது என்பது மேலே இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் தோட்டத்துப் பையன் காற்றாடி செய்தால் கைதட்டுவார்கள். கைதட்டலுக்கு மானியம் தேவையில்லை அல்லவா?

காற்றாடி இன்னும் கம்பத்தில்தான் இருக்கிறது. கோப்பையோடு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். உரையை மட்டும் அந்த இறக்கைக்கு நேரே நின்று ஆற்றுங்கள். 280 சுற்று வந்தால் பேட்டரி ஏறும்.