வாசுதேவநல்லூர்ச் சிமெண்டுத் தொட்டிகளின் தொன்மை: ஓர் ஆய்வு முன்னோட்டம்

புதுப் பூந்தொட்டியை நூறாண்டுத் தொட்டியாக்கும் முறைகள் வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் நான்கு: டீத்தண்ணி, காவி, சாணிக்கரைசல், மோர். முதல் இரண்டும் ஒரு மழைக்குத் தாங்கா, விடுக. சாணிக்கரைசலை ஈக்கள் ஏற்கின்றன, வீட்டார் மறுக்கின்றனர். எஞ்சியது மோர்.

மோர் பூசுவது பாசி பிடிப்பதற்காக. புதுச் சிமெண்டின் காரத்தன்மை பிஹெச் 12ஐத் தாண்டும். அதில் பாசி தங்காது. தண்ணீரில் ஊறியும் காற்றின் கரியமில வாயு ஏறியும் காரம் தணிந்த பிறகே பச்சை படரும். மலையடிவாரத்து ஆனி, ஆடிச் சாரலில் தொட்டியைச் சும்மா விட்டாலே போதும் என்பர் பாமரர். அதை ஒப்புக்கொண்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும் என்பதால், 'எம்மோர்?' என்ற வினாவை எழுப்புகிறோம். பசுமோர் என்பதற்குச் சான்று: எதிர்வீட்டு ஆச்சி, திண்ணையுரை, வெற்றிலை போடுமுன். எருமைமோர் என்பதற்கு: அதே ஆச்சி, வெற்றிலை போட்டபின். இருவரையும் இணக்கும் மூன்றாம் மரபு பால்காரருடையது: சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அருளிய வாய்மொழி, மணியோசை இடைச்செருகல், 'தண்ணி கலக்கலை' என்பது பிற்காலப் பாடம்.

சுவரோரம் பச்சையேறி, வெயில்பட்ட பக்கம் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும் தொட்டியை அர்த்தநாரி வகை என்க. ஊர்க்கோயில் மூர்த்தியை முன்னிட்ட பெயர்.

இனிக் கல்வெட்டு. தொட்டியின் அடியில், வார்க்கும்போதே பதித்த பத்து இலக்கங்கள் காணப்படுகின்றன. பள்ளத்தில் ஈரம் நிற்பதால் பாசி முதலில் அங்கேதான் பிடிக்கிறது. மறைக்க வேண்டியது பச்சையாய்ப் பளிச்சிடுகிறது. 9இல் தொடங்கும் அவ்வெண்ணை ஆண்டுக்கணக்காகக் கொண்டால், தொட்டியின் வயது 900 கோடிக்கு மேல். பூமிக்கே சுமார் 454 கோடிதான். இதில் வியக்க ஒன்றுமில்லை. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டு கொடுத்தது, ஆகமொத்தம் 9990. ஒரு சொட்டு மோர் செலவில்லை. அதையே இன்றும் மேடையில் எடுத்து, மேலும் சில ஆயிரம் சேர்த்துப் பூசும் பேராசிரியர்களை நாம் அறிவோம்; அவர்கள் கையிலும் மோர்வாடை இல்லை.

அவ்விலக்கங்கள் தொட்டி வார்த்தவரின் செல்போன் எண் என்று ஒரு கொத்தனார் வாதிடுகிறார். அழைத்துப் பார்த்து நிரூபிக்கவும் செய்தார். கல்வெட்டியலில் அவருக்குப் பயிற்சி போதாது.