ஒரு முத்தத்துக்கு எத்தனை கடுதாசி?

பண்பாட்டுப் புரட்சி நடந்த பத்தாண்டுகளில் சீனத் திரையில் யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எல்லாம் ஜியாங் சிங் அம்மையாரின் ஏற்பாடு. மாவோவின் மனைவியான இவர், 1930-களில் ஷாங்காய் நடிகை. அவருடைய காதலும் கல்யாணமும் அன்றைய பத்திரிகைகளின் வாய்க்கு அவல். தான் சாப்பிட்டு எழுந்ததும் பந்தியையே பூட்டிவிட்டார்.

80 கோடி ஜனங்களுக்கு மிஞ்சியவை அரசு அங்கீகரித்த எட்டு ‘மாதிரிப் படைப்புகள்’. அவற்றில் ‘சிவப்பு லாந்தர்’ பிரசித்தம். பாட்டி, அப்பா, மகள் என மூன்று தலைமுறைக் குடும்பம். ஆனால் மூவருக்குள்ளும் ரத்த உறவு கிடையாது, வர்க்க உறவு மட்டும்தான். ‘ஷாஜியாபாங்’கில் டீக்கடை நடத்தும் அக்காவுக்குக் கணவன் உண்டு. அவனை வியாபாரத்துக்கென்று ஷாங்காய்க்கு அனுப்பிவிட்டார்கள். திரை விழும்வரை ஆள் திரும்பவில்லை.

1976-இல் மாவோ போய்ச் சேர்ந்தார். ஒரு மாதத்துக்குள் அம்மையார் கைது.

1979 மே மாதம் ‘மக்கள் சினிமா’ என்ற பத்திரிகை, ஒரு பிரிட்டிஷ் படத்தின் காட்சியைப் பின்னட்டையில் போட்டது. சிண்ட்ரெல்லாவும் இளவரசனும் முத்தமிடுகிறார்கள். சின்ஜியாங்கிலிருந்து ஒரு வாசகர் கொதித்தெழுந்துவிட்டார். சோஷலிச நாட்டுக்கு இதுவா தேவை, தைரியமிருந்தால் என் கடிதத்தை அச்சிடுங்கள் என்று சவால் விட்டார். ஆசிரியர் குழு அப்படியே அச்சிட்டு, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று வாசகர்களையும் இழுத்துவிட்டது. பத்தாண்டாக வாயைத் திறக்காத ஜனங்கள்; விடுவார்களா? இரண்டே மாதத்தில் 11,000-க்கும் மேல் கடிதங்கள். பெரும்பாலானவை முத்தத்தின் கட்சி. 1981-இல் பத்திரிகையின் விற்பனை 90 லட்சத்தைத் தாண்டியது. திட்டி எழுதியவருக்கு விளம்பரக் கமிஷன் கொடுத்திருக்க வேண்டும்.

இளவரசன் வெள்ளைக்காரன், போகட்டும். சீனர்கள் முத்தமிடலாமா? 1980-இல் ‘லூஷான் மலைக் காதல்’ வந்தது. நாயகி, அமெரிக்காவில் வாழும் கோமிண்டாங் (தைவானை ஆண்ட எதிரிக் கட்சி) தளபதியின் மகள். நாயகன், கம்யூனிஸ்ட் அதிகாரியின் மகன். நாடே நீலமும் சாம்பலுமாக உடுத்திய காலத்தில் அவள் காட்சிக்குக் காட்சி உடை மாற்றுகிறாள். தாய்நாட்டை நேசிப்பதாக இருவரும் மலைமேல் நின்று ஆங்கிலத்தில் கூவுகிறார்கள். பையனோ அசைவேனா என்கிறான். பொறுத்துப் பார்த்தவள், கடைசியில் தானே எட்டி அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைக்கிறாள். கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடலாம். அதற்கே அரங்கம் அதிர்ந்தது.

முந்தைய ஆண்டுதான் தைவானுக்குச் சமாதானத் தூது விட்டிருந்தது பீஜிங். அமெரிக்காவுடனும் தூதரக உறவு பிறந்திருந்தது. ஆகவே கட்சிக்காரர் மகன் முந்திக்கொண்டால் சீர்கேடு. எதிரிக் கட்சிக்காரர் மகள் முந்திக்கொண்டால் தேச ஒற்றுமை!

லூஷானிலுள்ள திரையரங்கு ஒன்று அன்றுமுதல் அந்தப் படத்தையே ஓட்டி, கின்னஸிலும் ஏறிவிட்டது. அதே மலையில் 1959-இல் ஒரு கட்சிக் கூட்டம் நடந்தது. மாவோவின் ‘பெரும் பாய்ச்சல்’ என்ற பொருளாதாரத் திட்டத்தில் நடந்த தவறுகளைக் குறித்துப் பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய் மாவோவுக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதினார். மாவோவும் வாசகர் கடிதத்தை அச்சிடும் ஆசிரியர்தான். பிரதியெடுத்து எல்லோருக்கும் விநியோகித்தார். அமைச்சருக்குப் பதவி போயிற்று.

இருபது ஆண்டுகளில் எவ்வளவு முன்னேற்றம்! கடிதம் எழுதியவரும் பிழைத்தார், அச்சிட்டவரும் பிழைத்தார். ஆனால் 11,000 பேரும் எழுதியது முத்தத்தைப் பற்றித்தான். பெரும் பாய்ச்சலில் பட்டினி கிடந்து செத்த கோடிக்கணக்கானவர்களைப் பற்றி வாசகர் விவாதம் நடத்த எந்தப் பத்திரிகைக்கும் பின்னட்டையில் இடமில்லை.