ஏரிக்கரை அரசாங்கம்

ஃபேர்ஃபேக்ஸ், வர்ஜீனியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

“ஏரிக்கரையில் தனியார் குடியிருப்பு என்கிறாயே, ஏரி யாருடையது, மதகை யார் திறப்பது, கரை உடைந்தால் யார் தலையை உருட்டுவது?” என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். காலமெல்லாம் பொதுப்பணித்துறையில் கரையும் கலங்கலும் பார்த்தவர் கேட்கவேண்டிய கேள்விதான். இப்படிப்பட்ட இடங்களில் ஏரி குடியிருப்பவர்களுடையது. அணை, படகுத்துறை, மணல் கொட்டிச் செய்த குட்டிக் கடற்கரை, சுற்றியுள்ள நடைபாதை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர் சங்கம். ஹெச்.ஓ.ஏ. என்று மூன்றெழுத்தில் சொல்லிவிட்டு இங்கே எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். ஏரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமெரிக்காவில் இத்தகைய குடியிருப்போர் சங்கங்கள் மூன்றரை லட்சத்துக்கு மேல். அவற்றுக்குள் வாழ்பவர்கள் ஏழு கோடிக்கு மேல். ஏறத்தாழ தமிழ்நாட்டு ஜனத்தொகை அளவுக்கு ஒரு கூட்டம், ஜனாதிபதிக்குப் பயப்படாமல், நாலாவது வீட்டில் இருக்கும் சங்கத் தலைவருக்குப் பயந்து காலம் தள்ளுகிறது. இந்தக் குட்டி அரசாங்கத்தைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு. தண்ணீருக்கு மேலே இருப்பதை அது அளவுக்கு மீறி ஆள்கிறது. தண்ணீருக்குக் கீழே இருப்பதை ஆள மறந்துவிடுகிறது. ஆகவே வருஷா வருஷம் அது அச்சடித்து அனுப்பும் ‘மேம்பாட்டுப் பட்டியலை’ வைத்து அதற்கு மார்க் போடக்கூடாது.

முதலில் அதன் அரசியல் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தை வாங்கி மனை பிரிக்கும் டெவலப்பர், முதல் வீட்டை விற்பதற்கு முன்பே நிபந்தனைப் பத்திரம் ஒன்றை எழுதிப் பதிவு செய்துவிடுகிறார். அது நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் அதைப் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டதும் அவர் சந்தாவுக்கும் அபராதத்துக்கும் உரிய குடிமகன் ஆகிவிடுகிறார். ஓட்டு பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று அல்ல, வீட்டுக்கு ஒன்று. வாடகைக்கு இருப்பவர் ஏரியில் கால் நனைக்கலாம், ஓட்டுப் போட முடியாது. இதுதானா அமெரிக்க ஜனநாயகம் என்று சிரித்துவிடாதீர்கள். நம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும், அப்போதுதான் குடவோலையில் பெயர் ஏறும். ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட தனிக் குழுவே அங்கு இருந்தது. ஆனால் அந்தச் சபையார் இரண்டு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அந்தப் பக்கம் வரவே கூடாது. ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு ஒதுங்கி நிற்கவேண்டும். இங்கே நிலைமை தலைகீழ். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகையைச் சேர்ப்பதே பல சங்கங்களுக்குப் பெரும்பாடு. வராதவர்களிடம் ‘ப்ராக்ஸி’ வாங்கிக் கூட்டத்தை ஒப்பேற்றுகிறார்கள். நிற்க ஆள் இல்லாததால் போன வருஷத்துப் போர்டே இந்த வருஷமும் தொடர்கிறது. சம்பளம் கிடையாது, வசவு தாராளம். அப்படிப்பட்ட பதவிக்கு வருகிறவர்களில் உண்மையான பொதுநலவாதிகளும் உண்டு. பக்கத்து வீட்டு மரத்தின்மேல் பழைய பகை உள்ளவர்களும் உண்டு.

இந்தப் போர்டின் கவனம் எங்கே பாய்கிறது என்று பாருங்கள். முன்வாசல் கதவின் வர்ணம், வேலியின் உயரம், புல்லின் நீளம், குப்பைத் தொட்டி எத்தனை மணிவரை தெருவில் நிற்கலாம் என்பது. இதற்கெல்லாம் விதி, விதிக்குக் கமிட்டி, கமிட்டிக்கு மேல் அப்பீல். இந்த உற்சாகம் எந்த எல்லைவரை போயிற்று என்பதற்கு அமெரிக்கச் சட்டப் புத்தகமே சாட்சி. ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ் ஆன்டெனாவைத் தடுக்கக்கூடாது என்று 1996-இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் விதி போடவேண்டி வந்தது. சொந்த வீட்டில் அமெரிக்கக் கொடியைப் பறக்கவிடுவதைச் சங்கங்கள் தடை செய்யக்கூடாது என்று 2006-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். ஃப்ளோரிடா முதலிய மாநிலங்களில் துணி காயப்போடும் கொடிக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2014-இல் கலிஃபோர்னியா வறட்சியில் தவித்தபோது, தண்ணீர் ஊற்றாமல் புல்லைக் காயவிட்டவர்களுக்கு அபராதம் போடாதே என்று அந்த மாநிலம் சங்கங்களைக் கட்டுப்படுத்தவேண்டியதாயிற்று. இத்தனை அதிகாரம் படைத்த போர்டுக்கும் அடங்காத ஒரே குடிமகன் கனடா வாத்து. கூட்டம் கூட்டமாக வந்து புல்தரையை நாசம் செய்யும். 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அதற்குக் காவல் இருப்பதால், அதன் முட்டையைத் தொடுவதற்குக்கூட மத்திய அரசின் விதியைப் பார்க்கவேண்டும்.

வேடிக்கை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தக் கவனத்துக்கு ஏரி கொடுக்கும் விலை சின்னதல்ல. புல் பச்சையாக இருக்கவேண்டும் என்பது விதி. பச்சைக்கு உரம் போடுகிறார்கள். மழையில் உரத்தின் பாஸ்பரஸ் சரிவில் இறங்கி ஏரியில் சேர்கிறது. நன்னீர் ஏரியில் பெரும்பாலும் பாசிக்குக் குறைவாகக் கிடைக்கும் ஊட்டம் அதுதான்; அது கிடைத்ததும் பாசி பொங்குகிறது, அழுகுகிறது, தண்ணீரின் ஆக்சிஜன் குறைந்து மீன் மிதக்கிறது. உடனே சங்கம் பாசிக்கொல்லி தெளிக்க ஒரு கம்பெனியை அமர்த்துகிறது, காற்றோட்டத்துக்கு நீரூற்று வைக்கிறது. அந்த நீரூற்று அடுத்த ஆண்டறிக்கையில் ‘மேம்பாடு’ என்று வண்ணப் படத்தோடு வருகிறது. விதியால் வந்த நோய்க்கு வைத்தியச் செலவு செய்துவிட்டு, அந்தச் செலவைச் சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். இதை நிறுத்த முடியாது என்பதும் இல்லை. பத்தாயிரம் ஏரி நாடு என்று பெயர் பெற்ற மின்னசோட்டா, புல்தரை உரத்தில் பாஸ்பரஸுக்கு 2005-இல் மாநிலம் முழுதும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மேரிலாந்தில் புல்லுக்குப் பதில் அந்த மண்ணுக்குரிய செடிகளை வளர்த்த ஒரு தம்பதிக்கும் அவர்கள் சங்கத்துக்கும் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக, அத்தகைய தோட்டங்களைச் சங்கங்கள் தடுக்கக்கூடாது என்று 2021-இல் சட்டமே வந்துவிட்டது. ஏரியைக் காப்பாற்றும் காரியம் வெளியிலிருந்து சட்டமாக வந்து கதவைத் தட்டவேண்டியிருக்கிறது.

பாசியாவது கண்ணில் படும். வண்டலும் அணையும் படாது. எங்கள் கவுண்டியிலேயே இருக்கும் பார்க்ராஃப்ட் ஏரியின் கதை உங்களுக்குப் பிடிக்கும். அலெக்சாண்ட்ரியா நகரத்தின் குடிநீருக்காக 1915-இல் அணை கட்டி உண்டாக்கிய நீர்த்தேக்கம் அது. பிறகு நகரத்துக்கு வேறு பெரிய நீராதாரம் கிடைத்துவிட, 1950 வாக்கில் ஏரி மனை வியாபாரிகள் கைக்குப் போய், சுற்றிலும் ஆயிரம் வீடுகள் எழுந்தன. ஏரியின் பரப்பு சுமார் 135 ஏக்கர். வீடு வாங்கியவர்கள் ஏரியை வாங்கினோம் என்று நினைத்தார்களே தவிர, அணையையும் சேர்த்து வாங்கினோம் என்பது மனதில் ஏறவில்லை. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் ஏற்றிவிட்டது. அணையை ஒட்டிய மண்கரை அறுத்துக்கொண்டு போய், ஏரி காலியாகி, ஏரிக்கரை வீடுகளெல்லாம் சேற்றுக்கரை வீடுகள் ஆயின. தனியார் ஏரி என்பதால் பொதுப் பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியவில்லை. கடைசியில் அவர்கள் கண்ட வழி, 1973-இல் வர்ஜீனியா மாநிலச் சட்டத்தின்கீழ் நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு மாவட்டம் என்று ஒன்றை அமைத்து, தங்கள் வீடுகளின் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டதுதான். அணையைச் சீர்செய்ததும், இன்றுவரை தூர்வாருவதும் அந்த அமைப்பே. நல்ல ஏரிக்கரை ஆட்சிக்கு நான் காட்டும் உதாரணம் இது. ஆனால் அந்த ஞானம் வருவதற்கு ஒரு புயல் வரவேண்டியிருந்தது.

ஏன் முன்னாலேயே வருவதில்லை? மனிதர்கள் முட்டாள்கள் என்பதால் அல்ல. கணக்கு அப்படி இருக்கிறது. அணையின் ஆயுள் ஐம்பது வருஷத்துக்கு மேல். வீட்டுக்காரரோ பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் விற்றுவிட்டு வெயில் பிரதேசம் போய்விடுவார். மதகைப் புதுப்பிக்க இன்று கட்டும் பணத்தின் பலன் நாளை வீட்டை வாங்குகிறவருக்கு. படகுத்துறையில் போடும் புது விளக்கின் பலன் இன்றைக்கே. எதற்குக் கை தூக்குவார்கள்? சந்தாவை உயர்த்திய போர்டைக் கவிழ்ப்பார்கள், உயர்த்தாத போர்டைப் புகழ்வார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டில் உத்தரத்தைக் கறையான் தின்பதுபோல, ஏரி வழவழப்பாக இருக்கும்போதே உள்ளே வண்டல் ஏறிக்கொண்டிருக்கும். ஏரியில்லாத இடத்திலும் இதே கணக்குதான் என்பதற்கு ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடு அடுக்குமாடி சாட்சி. கடுமையான கட்டமைப்புச் சேதம் இருக்கிறது என்று 2018-இல் பொறியாளர் எழுதிக் கொடுத்தார். போர்டில் சண்டை, ராஜினாமா, ஒத்திவைப்பு என்று காலம் போயிற்று. ஒன்றரைக் கோடி டாலர் வசூலுக்கு 2021 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. ஜூன் 24-ஆம் தேதி கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். கட்டும்போதே இருந்த குறைகளும் அதில் சேர்த்தி. ஆனாலும் ஃப்ளோரிடா படித்த பாடம் தெளிவானது. கட்டமைப்புக்கான சேமிப்பு நிதி வேண்டாம் என்று உறுப்பினர்கள் ஓட்டெடுத்துத் தள்ளிவிடலாம் என்று அதுவரை இருந்த சலுகையை, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு 2022-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது.

என் கருத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். அழகைக் காப்பாற்றினால்தானே வீட்டு விலை நிற்கும் என்பது முதலாவது. சரிதான், ஊதாக் கதவு ஒன்றால் விலை கொஞ்சம் இறங்கலாம். ஏரி வற்றினால் எதை வைத்து விலை சொல்வது? இரண்டாவது, இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டிய வேலை அல்லவா என்பது. வெளியார் நுழையக்கூடாது என்று பலகை வைத்துவிட்டு, அந்த வெளியாரின் வரிப்பணத்தில் அணையைக் கட்டித் தா என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஏரிக்குள் வரும் வண்டலில் பெரும்பகுதி சங்கத்தின் எல்லைக்கு வெளியே, மேட்டுப் பகுதியின் சாலைகளிலிருந்தும் ஓடைக்கரைகளிலிருந்தும் வருகிறது. அந்தப் பங்குக்கு அரசாங்கத்திடம் வாதாடலாம். வாதாட ஒரு சட்டபூர்வமான அமைப்பு வேண்டும். அணை நம்முடையதல்ல என்று ஒதுங்கவும் முடியாது. மிச்சிகனில் 2020 மே மாதம் ஈடன்வில் அணை உடைந்தது. அது மின் நிறுவனம் ஒன்றின் அணை. வெள்ளப்போக்கி போதாது என்று 2018-இலேயே மின் உரிமம் ரத்தானது. உடைந்த பிறகு மீட்புச் செலவில் ஒரு பங்கு கரையோர வீடுகளின் தலையில் சிறப்புக் கட்டணமாக வந்து விழுந்தது. அணை யார் பெயரில் இருந்தாலும், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் பில் வீடு தேடி வரும். மூன்றாவது மறுப்புதான் கனமானது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களால் சந்தா உயர்வைத் தாங்க முடியுமா? முடியாதுதான். ஆனால் சர்ஃப்சைடில் அந்த ஒன்றரைக் கோடி டாலரை 136 வீடுகளுக்குப் பிரித்தபோது சராசரி ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அதை எந்த முதியவர் தாங்குவார்? ஆண்டுதோறும் சிறிதாக எடுத்துவைப்பதே ஏழை உறுப்பினருக்குச் செய்யும் உதவி. தள்ளிப்போடுவது உதவி மாதிரி தெரியும் கடன்.

நல்ல சங்கத்துக்கு அடையாளம் ஆடம்பரமானதல்ல. தன்னிடம் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மீதி ஆயுள் எவ்வளவு, மாற்ற என்ன செலவு, கையில் இருப்பது எவ்வளவு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த ஆய்வைச் செய்யவேண்டும் என்று வர்ஜீனியாவில் சட்டமே இருக்கிறது. ஆய்வைச் செய்யச் சொல்லலாம். அதன்படி பணம் சேர்க்கும் மனதைச் சட்டத்தால் தர முடியாது. அதை உறுப்பினர்கள்தான் தரவேண்டும்.

இவ்வளவும் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் பொதுக்குழு வரப்போகிறது. நுழைவாயிலுக்கு என்ன நிறம் என்று கேட்டால் எந்த நிறத்துக்கு வேண்டுமானாலும் கை தூக்கிவிடுங்கள். ஆனால் கார்ப்பஸ் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது, லிஃப்டுக்கும் மொட்டைமாடிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் எத்தனை வருஷம் பாக்கி என்று கேட்காமல் எழுந்து வந்துவிடாதீர்கள். பதில் வரவில்லை என்றால், அடுத்த முறை செயலாளர் பதவிக்கு நீங்களே நில்லுங்கள். சித்திக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மகன்.